தொட்டா சொல்லு

— கண்ணை மூடுடா. திறந்து வெச்சுக்கிட்டு பதில் சொன்னா அதுக்குப் பேரு காப்பியடிக்கிறது.

— மூடிட்டேன்க்கா.

— இமை துடிக்குது. இடுக்கு வழியா பார்க்கிறே. கண்ணாமூச்சி ஆடின காலத்துலயும் இதே வேலைதான் பண்ணுவே.

— அட விடுக்கா. இந்தா, கையை வெச்சே மூடிக்கிறேன். போதுமா?

— போதும். என் கையில இருக்கறது பஞ்சு. தொட்டா தெரியுதுன்னு சொல்லு, எந்த இடம்னு சொல்லு. தொடாட்டி பேசாம இரு. யூகம் பண்ணாத.

— நாலு நாளா இதானே பண்றோம். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

— மனப்பாடம் ஆகக்கூடாதுன்னுதான் சொல்றேன். ஆரம்பிக்கிறேன்.

— ம். தெரியுது.

— எங்க?

— வலது தொடை. மேல் பக்கம்.

— சரி. அடுத்தது.

— தெரியுது. முட்டிக்கு ஒரு சாண் மேல.

— சரி. அடுத்தது.

— தெரியுது. முட்டிதான். லேசா, வேட்டி பட்ட மாதிரி.

— அடுத்தது.

— கணுக்கால். பார்த்தியா, இறங்கிட்டே போகுது. நேத்தைவிட ரொம்ப தேவலை. பெரிய டாக்டர் வந்ததும் சனிக்கிழமை வீட்டுக்குப் போறான்னு சொல்லிடு.

— கையை எடு. கண்ணைத் திற.

— ஏன்?

— பஞ்சு எங்க இருக்கு பாரு.

— டிரேல இருக்கு.

— எவ்ளோ நேரமா டிரேல இருக்கு தெரியுமா?

— இப்பத்தான் வெச்சிருப்பே.

— முதல் தடவை மட்டும் தொட்டேன். அப்புறம் டிரேல வெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கேன். முட்டி, கணுக்கால் எதையும் நான் தொடல.

— முதல்ல தொட்டதைச் சொன்னேன்ல, அது சரிதானே?

— நான் தொட்டது இடது கால். நீ வலதுன்னே. நேத்து?

— நேத்து என்ன?

— நேத்து போட்ட கோடு. உன் தொடையில நான் பேனாவால தேதி போட்டு இழுத்தேனே, அது நிஜமா?

— கொஞ்சம்.

— கோடு கொஞ்சம் நிஜமா இருக்குமாடா? நேரா சொல்லு.

— நிஜம் இல்ல.

— முந்தா நாள்?

— முந்தா நாள் போட்டது நிஜம். முதல் நாள் போட்டதும் நிஜம். தொப்புளுக்கு ரெண்டு விரல் கீழ. அதுக்குக் கீழ ஒண்ணும் தெரியல.

— அப்ப நேத்து ஒரே நாள்ல தொப்புள்ல இருந்து தொடைக்கு இறங்கினது பொய்.

— நேத்து முதல்ல ஒண்ணு ரெண்டு இடத்துல சும்மா சொல்லிப் பார்த்தேன்க்கா. நீ சிரிச்சே. இங்க வந்ததுல இருந்து நீ சிரிச்சு நான் பார்க்கல. அப்புறம் நிறுத்த முடியல.

— அந்த ஸ்பிரிட் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளு. தொடைக்கோட்டை அழிக்கணும்.

— ஜில்லுன்னு இருக்கும்.

— உனக்குத் தெரியவா போகுது.

— அதுவும் சரிதான்.

— டேய், அந்த டாக்டர் எதுக்கு இந்தப் பேனாவை என் கையில கொடுத்தார் தெரியுமா? உங்க அக்கா பிசியோ, இருபத்திரெண்டு வருஷமா கால் பிடிச்சுப் பழகினவங்க, அவங்க போடற கோட்டை நான் நம்பறேன்னார். கோடு கீழ இறங்கினா, முதுகுல கோளாறான ரத்தக்குழாயை அடைக்க உள்ள விட்ட பசை பிடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம், வீட்டுக்கு அனுப்பறேன். மேல ஏறினா பிடிக்கலன்னு அர்த்தம், மறுபடி படம் எடுத்துப் பார்த்துட்டு நாளைக்கே முதுகைத் திறந்து கையால மூடணும். அவ்ளோதான் கணக்கு. நாலு மணிக்கு வந்து என்னைத்தான் கேப்பார்.

— மணி என்ன இப்ப?

— மூணேகால்.

— உள்ள வரலாமா? பி.பி. பார்க்கணும், மூத்திரப் பையையும் மாத்தணும்.

— வாங்க சிஸ்டர். அக்காகிட்ட இருந்து என்னைக் காப்பாத்துங்க.

— உங்களையா? லிஃப்ட்டு அண்ணே, காலையில நீங்க படுத்தபடியே மூணாவது மாடி கதவு ரோலர் தேஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே, ஆளு வந்து பார்த்தான். நிஜமாவே தேஞ்சிருக்காம். வார்டு முழுக்க இதான் பேச்சு.

— சத்தத்துலயே தெரியும் சிஸ்டர். முப்பது வருஷம் அதுங்களோடதான் குடித்தனம்.

— கையை நீட்டுங்க. நான் ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. எலும்பு வார்டுல இருந்து போன வாரம்தான் என்னை இங்க மாத்தினாங்க. பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல இந்தக் கேஸை இப்பத்தான் பார்க்கிறேன். உங்க முதுகுல அப்படி என்னதான் ஆச்சு?

— எனக்குச் சொன்னதைச் சொல்றேன். உடம்புல ரத்தம் கொண்டு போற குழாய்க்கு அழுத்தம் ஜாஸ்தி. திரும்ப எடுத்துட்டு வர்ற குழாய் மெல்லிசு, அதுக்கு அந்த வேகம் தாங்காது. அதனால நடுவுல முடியைவிடச் சன்னமா ஆயிரம் குழாய் இருந்து வேகத்தை வடிகட்டி அனுப்பும். எனக்கு முதுகுத் தண்டைச் சுத்தி இருக்கிற உறையில ஒரு இடத்துல, நடுவுல எதுவுமே இல்லாம ரெண்டும் நேரா ஒட்டிக்கிச்சு.

— பிறக்கறப்பவேவா?

— இல்லயாம். நடுவுல எப்பவோ. ஏன்னு அவங்களுக்கே தெரியாதாம். அரிசி அளவு இருக்கற இடம். ஆனா அந்த வேகம் முழுக்க மெல்லிசு குழாய்க்குள்ள போய் முட்டுது. தண்டுல இருந்து வெளிய வர வேண்டிய ரத்தம் வர வழியில்லாம உள்ளயே தேங்குது. தண்டு ஊறிப் போய் வீங்கிடுது.

— சாக்கடை அடைச்சா கீழ் வீட்டுக் குளியலறையில தண்ணி ஏறுமே, அந்த மாதிரியா?

— அதேதான். எனக்கு டாக்டர் அரை மணி நேரம் சொன்னதை நீங்க ஒரு வரியில சொல்லிட்டீங்க.

— அப்ப கால்ல ஒண்ணும் இல்ல?

— கால் நல்ல கால்தான் சிஸ்டர். லிஃப்ட்டு தரைத்தளத்துல நின்னு போச்சுன்னா எல்லாரும் கீழ் கதவைத்தான் தட்டுவாங்க. கோளாறு மேல மெஷின் ரூம்ல இருக்கும். எனக்கும் அதான் ஆச்சு. மரத்துப் போனது பாதம்னதும் இடுப்பைப் படம் எடுத்தாங்க. இடுப்புல ஒரு தட்டு, டிஸ்க்கும்பாங்களே, அது லேசா பிதுங்கி இருந்துச்சு. வயசு அம்பத்தஞ்சு, யாரை எடுத்தாலும் பிதுங்கித்தான் இருக்கும். அதுதான்னு முடிவு பண்ணிட்டாங்க. கோளாறு இருந்த நெஞ்சுக்குப் பின்னால யாரும் எடுக்கவே இல்ல.

— எல்லாரும்னா, நானும்தான்.

— அக்கா, உன்னைச் சொல்லல.

— சொன்னா என்ன. நானும் அந்தப் படத்தைப் பார்த்துட்டு தட்டுதான்னு சொன்னவதான்.

— அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

— வேற ஒரு டாக்டர் தண்டுல அழற்சின்னு நினைச்சு ஸ்டீராய்டு ஏத்தினார். ரெண்டே நாள், ரெண்டு காலும் போச்சு, ஒண்ணுக்கும் நின்னு போச்சு. அப்பத்தான் இங்க தூக்கிட்டு வந்தாங்க. இந்தப் பெரிய டாக்டர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். நடந்தா, படி ஏறினா ஜாஸ்தி ஆகுமா, உக்கார்ந்தா குறையுமான்னு.

— ஆகுமா?

— ஆகும். உடம்பு வேலை செஞ்சா அழுத்தம் ஏறும். ஏறினா இன்னும் தேங்கும். உக்கார்ந்தா மெல்ல வடியும்.

— அய்யோ. எக்சர்சைஸே பண்ணக்கூடாதுன்னு சொல்லுங்க. யாராவது தெரியாம கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்.

— கொடுத்தாங்க சிஸ்டர். பத்து மாசம். வாரத்துக்கு அஞ்சு நாள்.

— யாரு?

— நான்.

— நீங்களா மேடம்?

— பரவாயில்லை சிஸ்டர். நீங்க பையை மாத்துங்க.

— எனக்குத் தெரியாதுங்க மேடம். வாய் தவறிச்சு. பி.பி. நல்லா இருக்கு. நான் எழுதிடறேன்.

— ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க.

— அவங்க பாவம், தெரியாம கேட்டுட்டாங்க.

— சரியாத்தான் கேட்டாங்க. அந்தப் பையை எடு. உன் தலைமாட்டுல, பச்சைக் கலர்.

— உன் ஹேண்ட்பேக்கா?

— உள்ள ஒரு ஃபைல் இருக்கு. என் க்ளினிக்ல உன் பேர்ல இருக்கிற ஃபைல். காலையில பஸ்ல வர்றப்போ ஒவ்வொரு தாளா புரட்டினேன்.

— எதுக்குக்கா இப்ப அதெல்லாம்.

— முதல் தாளைப் பாரு. என்ன போட்டிருக்கு?

— தேதி. எத்தனை நிமிஷம் சைக்கிள், எத்தனை தடவை படிக்கட்டுப் பயிற்சி, கால்ல கட்டின எடை எவ்ளோ.

— அதுக்குப் பக்கத்துல?

— மூணு கட்டம்.

— படி.

— தேவலை. அப்படியே இருக்கு. மோசம்.

— அதை யாரு நிரப்பணும்?

— நான்.

— எல்லா பேஷண்டும் பயிற்சி முடிச்சுட்டுப் போறப்போ அவங்கவங்களே நிரப்பணும், நான் கேட்டா என் முகத்துக்காகச் சொல்லுவாங்கன்னுதான் இந்த ஏற்பாட்டையே வெச்சேன். இருநூத்தி ஏழு நாள். முதல் கட்டத்துல நூத்தி எழுபது டிக். ரெண்டாவதுல முப்பத்தேழு. மூணாவது கட்டத்துல ஒண்ணுகூட இல்ல.

— எண்ணிட்டே வந்தியா?

— வேற என்ன பண்றது பஸ்ல. உன் பெரிய டாக்டர் நடந்தா ஜாஸ்தி ஆகுமான்னு கேட்டப்போ நீ யோசிக்காம ஆகும்னே. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். நாலு நாளா உன்கிட்ட கேக்கணும்னு இருக்கேன். இப்ப கேக்கறேன். இந்த இருநூத்தி ஏழும் நேத்துக் கோடு மாதிரிதானா? நேரா சொல்லு.

— மெஷின் ரூம்ல ஒரு அட்டை தொங்கும்க்கா, நீ பார்த்திருக்க மாட்டே. மாசா மாசம் சர்வீஸ் பண்ணிட்டு அதுல டிக் போடணும். பிரேக், கயிறு, கதவு, எண்ணெய், மணி. உண்மையைச் சொல்லணும்னா பாதி நாள் ஒண்ணு ரெண்டைத் தொட்டுப் பார்த்துட்டு மீதிக்குச் சும்மா போட்டுடுவோம். ஓடுதில்ல, ஓடட்டும்னு. கை தானா போட்டுட்டுப் போகும்.

— என் அட்டையிலயும் கை தானா போட்டுச்சா?

— இல்ல. உன் அட்டையில ஒவ்வொண்ணும் யோசிச்சுத்தான் போட்டேன். தினம் தேவலைன்னு போட்டா நம்ப மாட்டேன்னு அங்கங்க அப்படியே இருக்குன்னு போட்டேன்.

— எதுக்கு?

— அம்மா போன அன்னைக்கு நடந்தது.

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— ஞாபகம் இருக்கா?

— மறக்கற விஷயமாடா அது.

— அம்மா வாதத்துல விழுந்தப்போ நீ தினம் காலையிலயும் சாயங்காலமும் வந்து கையையும் காலையும் நீட்டி மடக்குவே. அவங்க அழுவாங்க. நான் போதும்னு சொன்னா, பாதியில விட்டா கை மடங்கியே நின்னுடும்னு சொல்லுவே. ஒரு காலையில நீ வந்துட்டுப் போன ஒரு மணி நேரத்துல அவங்க போயிட்டாங்க. கூடம் முழுக்க ஆளு. மாமா, சித்தி, உன் மாமியார் வீட்டுக்காரங்க. நான் எழுந்து நின்னு…

— வார்த்தையை முழுங்காத. நீ சொன்னதை நீயே சொல்லு.

— உன் எக்சர்சைஸ்தான் அம்மாவைக் கொன்னுச்சுன்னு சொன்னேன்.

— ம்.

— நீ செருப்புகூட போட்டுக்காம படியிறங்கிப் போனே. ஆறு வருஷம் பேச்சே இல்ல. உன் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துச்சு, உன் கையெழுத்து இல்ல, பொண்ணு எழுதியிருந்தா. வந்து கடைசி வரிசையில உக்கார்ந்துட்டுப் போனேன்.

— பார்த்தேன்.

— பார்த்தியா?

— சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருந்தே. மேல சொல்லு.

— கால் மரக்க ஆரம்பிச்சப்போ ஊர்ல எத்தனையோ பிசியோ இருந்தாங்க. நான் உன் படியேறித்தான் வந்தேன். லிஃப்ட்டு மெக்கானிக், லிஃப்ட்டு இல்லாத கட்டடத்துல ரெண்டாவது மாடிக்கு. கதவைத் திறந்து பார்த்துட்டு நீ என்ன கேட்டே தெரியுமா?

— என்ன கேட்டேன்?

— எந்தக் கால்னு கேட்டே. அவ்ளோதான். ஆறு வருஷத்தைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. ரெண்டும்தான்னு சொன்னேன், உள்ள வந்து படுன்னே.

— வேற என்ன கேப்பாங்க.

— மூணாவது நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சுக்கா. வர்றப்போ நடந்து வர்ற கால், போறப்போ இல்ல. சைக்கிள் மிதிச்சா பாதம் போகும். எடை கட்டினா முட்டி வரைக்கும் போகும். ஆனா எப்படிச் சொல்றது? உன் எக்சர்சைஸ்னால மோசமாகுதுன்னு மறுபடி என் வாயால எப்படிச் சொல்லுவேன்? ஒரு தடவை சொன்னதுக்கு ஆறு வருஷம் போச்சு. இன்னொரு தடவை சொன்னா மிச்சம் இருக்கிற வருஷமும் போயிடும்னு நினைச்சேன்.

— காலைவிட அது பெருசா உனக்கு?

— கால் போகும்னு நினைக்கல. மரமரப்புதானே, பழகிக்கலாம்னு இருந்தேன். ஆறரை மணிக்கு வந்தா ஒரு மணி நேரம் நீ பக்கத்துல இருப்பே. எண்ணுவே, திட்டுவே. நடுவுல அம்மா மாதிரியே மூக்கை உறிஞ்சுவே. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிக் போட்டா என்ன குறைஞ்சு போச்சுன்னு இருந்துச்சு.

— உன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? வீட்டுல கால் இழுத்துட்டு நடக்கறதைப் பார்த்திருப்பாளே.

— கேட்டா. அக்காகிட்ட காட்டிட்டுத்தானே இருக்கேன், அக்கா சரியாயிடும்னு சொல்றாங்கன்னு சொல்லிடுவேன். அவளுக்கு உன் மேல அவ்ளோ நம்பிக்கை.

— பேஷ்.

— திட்டுக்கா. வாய் விட்டுத் திட்டிடு.

— திட்ட வரல. கோபம் வரணும்னு தெரியுது, வரல. அழணும்னும் தோணல. இந்த நாலு நாளா எனக்கு எதுவுமே உறைக்க மாட்டேங்குதுடா. காலையில சுடுதண்ணி கையில கொட்டுச்சு, பார்த்துட்டு நின்னேன்.

— கையைக் காட்டு.

— ஒண்ணும் இல்ல. பயிற்சி முடிச்சு எப்படி வீட்டுக்குப் போவே? ரெண்டு மாடி இறங்கணுமே.

— முதல் பத்து படி வந்துடுவேன். திருப்பத்துல கால் ரெண்டும் யாருதோ மாதிரி ஆயிடும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா தரையில உக்கார்ந்துடுவேன். இருபது நிமிஷம். மெல்ல விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி வரும். வந்ததும் எழுந்து இறங்கிடுவேன். முதல் ரெண்டு வாரம்தான் தரையில. அப்புறம் யாரோ புண்ணியவான் அந்தத் திருப்பத்துல ஒரு மடக்கு நாற்காலி போட்டு வெச்சாங்க. கீழ் மாடி தையல்கடைக்காரரா இருக்கும், வெட்டின துணி எடுத்துட்டு ஏறி இறங்கற மனுஷன். அது இல்லன்னா நான் என்னிக்கோ உருண்டு விழுந்திருப்பேன். என்னக்கா, முகத்தைத் திருப்பிக்கிட்டே?

— ஒண்ணும் இல்ல. மணி மூணு நாப்பது ஆச்சு. கண்ணை மூடு.

— மறுபடியுமா?

— இப்பத்தான் முதல் தடவை. இதுவரைக்கும் பண்ணினது கணக்குல சேராது. தப்பா சொன்னா எனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சுட்டுச் சொல்லாத. உன் முதுகை நாளைக்குத் திறக்கணுமா வேண்டாமாங்கறது உன் வாயிலதான் இருக்கு.

— எனக்குப் பயமா இருக்குக்கா.

— எனக்கும்தான். கையை வெச்சு மூடிக்கோ. தொட்டா சொல்லு.

— …

— …

— ஆரம்பிச்சுட்டியா?

— ஆரம்பிச்சாச்சு. பேசாம இரு.

— …

— இப்ப?

— இல்ல.

— இப்ப?

— தெரியல.

— இடது பக்கம் வர்றேன். இப்ப?

— நீ எங்க தொடறேன்னுகூட தெரியலக்கா.

— தெரியலன்னா சொல்ல வேண்டாம். அடுத்தது.

— …

— அடுத்தது.

— …

— இது?

— ஏதோ குலுங்கற மாதிரி இருக்கு. பஞ்சு இல்ல.

— என் முழங்கை கட்டில்ல பட்டுச்சு. அடுத்தது.

— …

— அடுத்தது.

— தெரியுது.

— நிஜமா?

— நிஜம். பஞ்சுதான். கூசுது.

— மறுபடி கொஞ்சம் கீழ போறேன்.

— இல்ல.

— மேல.

— தெரியுது.

— கீழ.

— இல்ல.

— மேல.

— தெரியுது. அக்கா, அது எந்த இடம்?

— இரு, கோடு போட்டுக்கறேன். பேனா எழுத மாட்டேங்குது. ம், இப்ப எழுதுது. கண்ணைத் திறந்து பாரு.

— தலையைத் தூக்க முடியல. நீயே சொல்லு.

— தொப்புளுக்கு மூணு விரல் மேல.

— முதல் நாள் ரெண்டு விரல் கீழ இருந்துச்சு.

— ஆமா.

— அப்ப அஞ்சு விரல் ஏறியிருக்கு.

— ஆமா.

— பசை பிடிக்கல.

— பிடிக்கலன்னுதான் தோணுது. அவர் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

— நாளைக்கே திறந்துடுவாங்களா?

— இன்னிக்கே சொல்லிட்டோம்ல, நாளைக்குப் பண்ணிடுவாங்க. சனிக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தா அங்கயே கோடு நெஞ்சுக்கு ஏறியிருக்கும்.

— நடப்பேனா?

— தெரியாது.

— ஒரு பேச்சுக்காவது சொல்லலாம்ல.

— நீ பேச்சுக்குச் சொன்னதெல்லாம் போதும், நானும் அதை ஆரம்பிக்க வேண்டாம். இருக்கறதைக் காப்பாத்திடலாம்னு சொல்றார். போனது எவ்ளோ திரும்பும்னு யாருக்கும் தெரியாது. எத்தனை மாசம் தேங்கி இருந்துச்சோ அதைப் பொறுத்ததுன்னார். கால்ல பலம் வந்தாலும் வரும், மரமரப்பும் மூத்திரமும் நம்ம கையில இல்ல.

— பத்து மாசம்.

— பத்து மாசம்.

— அந்த ஃபைலைக் கொடு. பேனாவையும் கொடு.

— எதுக்கு?

— கடைசித் தாள்ல ஒரு வரி காலியா இருக்கு. இன்னிக்குத் தேதி போடு. நான் மூணாவது கட்டத்துல டிக் பண்றேன்.

— இந்தா. கையைப் பிடிச்சுக்கட்டுமா?

— வேண்டாம். கை நல்லா இருக்கு. பாரு, முதல் டிக். பெரிய டாக்டர் வந்ததும் இதைக் காட்டி நானே சொல்லிடறேன், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் மறைச்சேன்னு. என் தப்பு முழுக்க.

— அப்படிச் சொல்லாத.

— சொல்லத்தான் போறேன். அந்த சிஸ்டர் உன்னைப் பார்த்த மாதிரி இனிமே யாரும் பார்க்கக் கூடாது. நல்லா கேளு, லிஃப்ட்டு வருது. மூணாவது மாடியில ரோலர் கத்துது பாரு. இன்னும் ஒரு மாடிதான்.

— டேய், அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— அம்மா விஷயத்துல என் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். புத்தகத்துல இருக்கு, டாக்டர்ங்க சொன்னாங்க. ஆனா ஆறு வருஷமா ஒவ்வொரு பேஷண்டோட காலைத் தொடறப்பவும் நீ கூடத்துல எழுந்து நின்னு சொன்னதுதான் காதுல விழும். நீயே என்கிட்ட வந்தப்போ, இவன் என் கையால நல்லாயிடணும்னு நினைச்சேன். வேற யாரும் இல்ல, நீ. நீ நல்லாயிட்டா அந்த வார்த்தை போயிடும்னு இருந்துச்சு. நீ போடற டிக்கைப் பார்க்கறப்போ அவ்ளோ நிம்மதியா இருக்கும்டா. அதுக்கு மேல பார்க்க நான் விரும்பல.

— நான் டிக் போட்டா நீ நம்பத்தானே செய்வே. அதுல உன் தப்பு என்னக்கா? நீ கேட்டே, நான் மறைச்சேன். நீ மேல இருந்தே, நான் படியில இருந்தேன். உனக்கு எப்படித் தெரியும்?

— நீ கிளம்பினதும் நான் தினம் ஜன்னல்ல வந்து நிப்பேன், நீ ரோட்டைத் தாண்டறியான்னு பார்க்க. கீழ வர உனக்கு இருபது நிமிஷம் ஆகும்.

— ஜன்னல்லயா?

— அந்த மடக்கு நாற்காலி என் உள்ரூம்ல இருந்ததுடா. ரெண்டு வாரம் நீ தரையில உக்கார்ந்திருந்ததை மேல் படியில நின்னு பார்த்துட்டு, நான்தான் கொண்டு வந்து போட்டேன்.